நகரத்து வல்லூறு

நகரத்துப் பறவைகள் யாவை என்று எவரேனும் வினவினால், காக்கை, புறா, மைனா, சிட்டுக்குருவி என எண்ணத் தொடங்குவோம். அவ்வெண்ணிக்கையில் வல்லூற்றைச் சேர்ப்பார் மிகச் சிலரே. ஊன் தின்னும் பறவைகள் மலையிலும் கானகத்திலும் மக்கள் அடிச்சுவடு படாத இடங்களிலும் வாழ்வன என்னும் கருத்து நம்முள் ஊறிக் கிடக்கின்றது. சந்தைக்கும் இறைச்சிக் கடைக்கும் மேலே வட்டமிடும் பருந்தை மட்டும் அதற்கு விலக்காக வைப்போம். ஆயின், வல்லூறும் நகரத்தில் வாழ்கின்றது. வீடுகளுக்கு இடையே நிற்கும் மரத்தில் கூடு கட்டுகின்றது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கியும் விடுகின்றது. இங்ஙனம் நகரத்திற் குடியேறியது அதற்கு ஆக்கமா, அழிவா என்பது பறவை நூலார் பல்லாண்டு ஆராய்ந்ததொரு வினா. அவ்வினாவையும் அதற்குக் கிடைத்த விடையையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு இயன்றவரை விளக்க முயல்வேன்.

வல்லூறு என்னும் பெயரால் நம் நாட்டில் வழங்குவது ஏறத்தாழப் புறா அளவினதாகிய ஒரு பறவை. வைரி என்றும் அதனைக் கூறுவர். சாம்பல் நிற முதுகும், செம்மை கலந்த குறுக்குக் கோடுகள் நெருங்கிய மார்பும் உடையது. தோப்புகளிலும் ஊர்ப்புறத்து மரங்களிலும், உற்று நோக்குவார்க்கு நகரத் தோட்டங்களிலும் இது தென்படும். ஓணான், எலி, அணில், சிறு குருவி ஆகியன இதன் உணவு. கரிச்சான் குருவி இதன் குரலை அப்படியே எடுத்துக் கத்தி மற்றப் பறவைகளை மருட்ட வல்லது. பழந்தமிழ்ப் புலவரும் இத்தகைய பறவைகளை நன்கறிந்திருந்தனர். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், துணையைப் பிரிந்த வங்காப் பெடை எழாலின் பாய்ச்சலுக்கு அஞ்சிக் குரலெழுப்புகின்றது. எழால் என்பதற்குப் புல்லூறு என்று பொருள் எழுதுவர். இன்றைய பறவைகளுள் அஃது எது என்று துணிதல் எளிதன்று. எனினும் மரங்களினூடே மறைந்து வந்து சிறு பறவையின்மேல் பாயும் இயல்பு இவ்வினத்திற்கே சிறப்பாக உரியது.

நகரத்து வல்லூற்றின் இல்வாழ்க்கை மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருப்பது வட அமெரிக்காவில். அங்கு வாழும் இனத்திற்குக் கூப்பர் வல்லூறு என்று பெயர். நியூயார்க்கு நகரத்து இயற்கை நூலாராகிய வில்லியம் கூப்பர் என்பவரின் பெயரை 1828ஆம் ஆண்டில் இதற்கு இட்டவர் சார்லஸ் லூசியன் போனபார்ட் என்பவர். இவர் பேரரசன் நெப்போலியனின் உடன்பிறந்தார் மகன். பெரிய தந்தை நாடுகளைப் பிடித்தார்; இவர் பறவைகளுக்குப் பெயரிட்டார். இவ்விருவருள் எவர் வேலை நெடுங்காலம் நின்றது என்பதை வரலாறு பயிலும் நண்பர்கள் முடிவு செய்வார்களாக. நம் வைரியும் கூப்பர் வல்லூறும் நெடுங்காலம் அக்சிபிட்டர் என்னும் ஒரே பேரினத்துள் வைக்கப்பட்டிருந்தன. 2024ஆம் ஆண்டில் அப்பேரினத்தைப் பிரித்து, கூப்பர் வல்லூற்றை ஆஸ்டர் என்னும் பிரிவிலும், வைரியை வேறொரு பிரிவிலும் வைத்தனர். பெயர் பிரிந்ததேயன்றி உருவிலும் தொழிலிலும் உள்ள ஒற்றுமை மறைந்துவிடவில்லை.

மேலே செல்லுமுன் சொல்வழக்குப் பற்றி ஒன்று கூறவேண்டும். தொல்காப்பியர் மரபியலில், மயில் ஒழிந்த ஏனைப் பறவைகளின் ஆணைச் சேவல் என்றல் மரபு என்பர். பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் பெயர் கூறுவர். ஆதலின் ஈண்டு ஆண் வல்லூற்றைச் சேவல் என்றும், பெண்ணைப் பெடை என்றும், குஞ்சினைப் பார்ப்பு என்றும் வழங்குவேன். சேவல் என்றவுடன் கொண்டையையும் விடியற்காலத்தையும் நினையாதிருக்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கின்றேன்.

கூப்பர் வல்லூற்றின் சேவல் 220 கிராம் முதல் 410 கிராம் வரை நிறையுடையது. பெடையோ 330 கிராம் முதல் 680 கிராம் வரை இருக்கும். ஆணினும் பெண் பெரிதாயிருத்தல் வேட்டைப் பறவைகளிற் பெரும்பாலும் காணப்படும் இயல்பே எனினும், பறவைகளைப் பிடித்துண்ணும் இவ்வினத்தில் அவ்வேறுபாடு மிகுதி. இதற்குக் காரணம் யாது என்பதில் அறிஞர் ஒருமுகமாக முடிவு கண்டிலர். சிறிய உடம்பு விரைந்து திரும்பிச் சிறு பறவைகளைப் பிடிக்க ஏற்றது, பெரிய உடம்பு கூட்டையும் முட்டையையும் காக்க ஏற்றது என்பது ஒரு கருத்து. காரணம் எதுவாயினும் பயன் ஒன்று தெளிவு. பெடையின் வழக்கமான இரை நடுத்தர அளவுள்ள பறவை. அதன் துணைவனும் ஏறத்தாழ அந்த அளவினதே. ஆதலால் சேவல் தன் மனைவியிடம் மிக்க பணிவோடு நடந்துகொள்ளுகின்றது. பெடை இசைவு தெரிவிக்கும் மெல்லிய குரலைக் கேட்ட பின்னரே அருகில் அணுகுகின்றது.

கண்ணின் நிறமும் கூறத்தக்கது. பார்ப்பின் கண் நீலஞ்சார்ந்த சாம்பல் நிறமாயிருக்கும். பறக்கத் தொடங்கிய இளம்பறவைக்கு அது மஞ்சளாகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சள் செம்மஞ்சளாகி, முடிவில் குருதி போற் சிவக்கின்றது. சிறகுகள் குறுகி வளைந்தவை, வால் நீண்டது. பருந்தைப் போல் விசும்பில் நெடுநேரம் மிதப்பதற்கு இவ்வமைப்பு ஏற்றதன்று. அடர்ந்த கிளைகளின் நடுவே அம்பெனப் புகுந்து, வாலைச் சுக்கானாகக் கொண்டு திரும்புவதற்கே ஏற்றது. இத்தொழில் இடருடையது. இவ்வினத்தின் முந்நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 23 பறவைகளின் மார்பெலும்புகளில் முறிந்து மீண்டும் கூடிய வடுக்கள் காணப்பட்டன. பிடித்த இரையை அலகாற் கொத்திக் கொல்லுதல் இதன் வழக்கமன்று. உகிர்களால் இறுக்கி இறுக்கியே உயிர் போக்கும். சிலபோது நீரில் அமிழ்த்திப் பிடித்திருந்ததையும் கண்டிருக்கின்றனர்.

இப்பறவை அமெரிக்க மக்களிடம் நெடுங்காலம் நல்ல பெயர் எடுத்ததில்லை. பண்ணையாளர் இதனைக் கோழி திருடி என்று ஏசிக் கண்ட இடத்திற் சுட்டு வீழ்த்தினர். அதனினும் பெரிய கேடு இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்தது. பூச்சிகளைக் கொல்லத் தெளித்த டி.டி.டி. என்னும் மருந்து பூச்சியிலிருந்து குருவிக்கும், குருவியிலிருந்து வல்லூற்றுக்கும் ஏறி அதன் உடம்பில் தேங்கியது. முட்டையின் ஓடு மெலிந்தது. அடைகாக்கும் தாயின் சுமையாலேயே முட்டைகள் நொறுங்கின. கிழக்கு மாநிலங்களில் இவ்வினம் மிகவும் அருகிவிட்டது. 1972ஆம் ஆண்டில் இரண்டு நன்மைகள் ஒருங்கே நேர்ந்தன. அமெரிக்க அரசு டி.டி.டி.யின் பயனை விலக்கியது. இடம்பெயரும் பறவைகளைக் காக்கும் சட்டத்தின் காவலும் வேட்டைப் பறவைகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதன்பின் இவ்வினம் பெருகத் தொடங்கியது. பெருகியபோது காட்டோடு நில்லாமல் நகரங்களிலும் புகுந்தது. இதனை எவரும் எதிர்பார்க்கவில்லை என்றே கூறலாம்.

அந்நகரங்களுள் டூசான் என்பது ஒன்று. அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியில், சொனோரன் பாலைநிலத்தின் நடுவே ஐந்து இலக்கத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் அது. ஆண்டு மழை சராசரி ஏறத்தாழ 11 அங்குலமே. கள்ளியும் முட்புதரும் நிறைந்த அந்நிலத்தில் ஓங்கிய மரங்கள் ஆற்றோரங்களிலும் மலையிடுக்குகளிலும் மட்டுமே இயல்பாக வளர்வன. ஆயின் நகர மக்கள் நிழலுக்காக வேற்றுநாட்டு மரங்களைக் கொணர்ந்து நட்டனர். ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும், மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலிருந்து அலெப்போ பைன் மரமும் வந்தன. வீட்டுத் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சினர். பறவைகள் குளிக்கத் தொட்டி அமைத்தனர். தானியம் நிறைந்த தட்டுக்களைத் தொங்கவிட்டனர். புறாக்கள் திரண்டு வந்தன. புறாக்களைத் தொடர்ந்து வல்லூறு வந்தது. உயர்ந்த மரமும் நிறைந்த இரையும் ஓரிடத்திற் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? பிறர் நட்ட தைலமரத்தின் கவட்டில், பாலைநிலம் ஒருநாளும் தந்திராத உயரத்தில், அது கூடு கட்டியது.

கூடு கட்டும் தொழில் பெரும்பாலும் சேவலுக்கே உரியது. இளவேனிற் காலத்தில் வாலடியிலுள்ள வெண்ணிற இறகுகளை விரித்துக் காட்டிக்கொண்டு, சிறகை மெல்ல உயர்த்தியடித்து அது பறக்கும். பின் ஏறத்தாழ இரண்டு வாரம் சுள்ளிகளைச் சேர்த்து, நிலத்திலிருந்து 25 முதல் 50 அடி உயரத்தில், இரண்டடிக்கு மேற்பட்ட அகலமுள்ள கூட்டினை அமைக்கும். நடுவிலுள்ள குழியில் மரப்பட்டைச் செதில்களைப் பரப்பும். சிலபோது பசுந்தழைகளையும் வைக்கும். டூசான் நகரத்தில் இவ்வேலை, ஊருக்குப் புறத்தேயுள்ள வல்லூறுகள் தொடங்குவதற்கு இரண்டு வாரத்திற்கு மேல் முந்தியே தொடங்கிவிடுகின்றது. நகரத்தில் இரை மிகுதி என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். நகரத்துச் சேவல் தன் குடும்பத்திற்கு உணவு தேடித் திரியும் பரப்பு சராசரி 65 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 160 ஏக்கர் என்று கணித்துள்ளனர். நாட்டுப்புறத்தில் இவ்வினத்திற்குக் கண்ட பரப்பை நோக்க இது மிகச் சிறிது.

பெடை மூன்று முதல் ஐந்து வரை முட்டையிடும். புதிய முட்டை வெளிறிய நீலநிறம்; நாளடைவில் அழுக்கு வெண்மையாக மங்கும். முப்பது முதல் முப்பத்தாறு நாள் வரை அடைகாக்கவேண்டும். இது பெடையின் தொழில். சேவல் இரையைப் பிடித்து, ஒரு குறிப்பிட்ட கிளையிலமர்ந்து இறகுகளைப் பிய்த்து, பெரும்பாலும் தலையைத் தான் தின்றுவிட்டு எஞ்சியதைக் கொணரும். கூட்டிற்கு நேரே வராது, அருகிலுள்ள மரத்திலிருந்து அழைக்கும். பெடை எழுந்து சென்று வாங்கி உண்ணும். அச்சிறு பொழுதில் சேவல் முட்டைகளின்மேல் அமர்ந்து காவல் செய்யும். முட்டை இட்ட நாள் தொடங்கிப் பிள்ளைகள் தாமே இரை பிடிக்கும் நாள் வரை, ஏறத்தாழ மூன்று மாதம், அக்குடும்பத்தின் உணவெல்லாம் பெரும்பாலும் இச்சிறிய சேவலின் உழைப்பே.

பொரிந்து வந்த பார்ப்பு 28 கிராம் நிறையுள்ளது. வெண்ணிறத் துய்யால் போர்த்தப்பட்டது. கண் திறந்தே பிறப்பது. பெடை இறைச்சியைச் சிறு துணுக்குகளாகக் கிழித்து ஒவ்வொரு வாயிலும் ஊட்டும். வளர்ச்சி வியப்புத் தருவது. ஒரு மாதத்திற்குள் பார்ப்பு தாயின் உருவத்தை ஏறத்தாழ எட்டிவிடுகின்றது. ஆண் பிள்ளைகள் சிறியனவாதலின் முப்பது நாளளவில் கூட்டை விட்டுக் கிளைக்குச் செல்லும். பெண் பிள்ளைகளுக்கு மேலும் மூன்று நான்கு நாள் வேண்டும். அதன் பின்னும் மூன்று நான்கு வாரம் பெற்றோர் தரும் உணவையே எதிர்பார்த்துக் கூட்டருகே சுற்றிக் கொண்டிருக்கும். அந்நாட்களில் அவை எழுப்பும் பசிக்குரல் தெருவெல்லாம் கேட்கும் என்பர்.

இவ்வல்லூற்றின் கூட்டால் வேறொரு பறவை நலம் பெறுதலையும் இங்கே கூறாது விட மனமில்லை. இது நகரத்துச் செய்தியன்று; அதே அரிசோனாவில் சிரிக்காவா என்னும் மலைத்தொடரிற் கண்டது. அங்கே மூன்று கிராம் அளவே நிறையுள்ள கருங்கழுத்து ரீங்காரச்சிட்டு, கூப்பர் வல்லூற்றின் கூட்டிற்கு அருகிலும் கீழும் தன் கூட்டை நெருங்கக் கட்டுகின்றது. காரணம் இதுதான்: சிட்டின் முட்டையைக் களவாடும் ஜே என்னும் காக்கையினப் பறவை, மேலிருந்து பாயும் வல்லூற்றுக்கு அஞ்சி, அக்கூட்டிற்குக் கீழான இடத்தில் இரை தேடுவதில்லை. வல்லூறோ இத்துணைச் சிறிய சிட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆதலின் வல்லூற்றுக் கூட்டின்கீழ்க் கூம்பு வடிவாக ஓர் அடைக்கல நிலம் அமைந்துவிடுகின்றது. அதனுள் கட்டிய கூடுகளே பெரிதும் பிழைத்தன என்று 2015இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. கொலைத் தொழிலான் வீட்டுத் திண்ணையில் குழந்தைகள் அச்சமின்றி விளையாடுவது போன்றது இது.

இனி டூசானுக்குத் திரும்புவோம். அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மானன், கிளின்ட் போல் என்னும் அறிஞர்கள் 1994 முதல் அந்நகரத்துக் கூடுகளையும், நகரத்திற்கு அப்பாலுள்ள கூடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். முதல் நான்காண்டில் அவர்கள் கண்டது துன்பம் தருவது. நகரத்திற்கு அப்பால் நூறு பார்ப்புகளில் இறந்தவை ஐந்திற்கும் குறைவு. நகரத்திலோ பாதிக்கு மேல் இறந்தன. இரை குறைவால் அன்று. இரையே எமனாக வந்தது. நகரத்து வல்லூற்றின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புறாக்கள். புறாவின் வாயிலும் தொண்டையிலும் டிரைக்கோமோனஸ் என்னும் நுண்ணுயிர் வாழ்கின்றது. தாய்ப்புறா தன் கண்டப்பையிலிருந்து குஞ்சுக்குப் பால் ஊட்டும்போதே அதனையும் ஊட்டிவிடுகின்றது. பல புறாக்கள் நோயின் குறி ஒன்றும் இன்றி வாழ்நாள் முழுதும் அதனைச் சுமந்து திரிகின்றன. ஒரே தொட்டியில் நீர் பருகும் பிற பறவைகளுக்கும் அது பரவுகின்றது. புதிதாகக் கொன்ற புறாவின் ஊன் வழியே வல்லூற்றின் பார்ப்பை அடைந்தால், தொண்டையில் மஞ்சள் நிறப் பாலாடை போன்ற கட்டிகள் தோன்றும். விழுங்க இயலாது, மூச்சு அடைக்கும். தாய் இறைச்சியை அலகில் ஏந்தி நிற்க, பார்ப்பு பட்டினியால் மடியும். வல்லூறு பழக்கி வேட்டையாடிய மேனாட்டார் இந்நோயைப் பல நூற்றாண்டுகளாக அறிவர். டூசான் நகரத்துப் பார்ப்புகளுள் நூற்றுக்கு 85இல் இந்நுண்ணுயிர் காணப்பட்டது. நகரத்திற்கு அப்பால் நூற்றுக்கு 9இல் மட்டுமே. நகரத்தில் இறந்த பார்ப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்நோயால் இறந்தவை.

புறாவின்பொருட்டுத் தன்னுடலைத் தராசில் வைத்த சோழர் குலத்து முன்னோனைப் புறநானூற்றுப் புலவர் பலர் பாராட்டுவர். அக்கதையில் புறா எளியது. துரத்தி வந்த பருந்து வலியது. டூசான் நகரத்து மரத்தடியில் நின்று நோக்குவார்க்கு எளியது எது, வலியது எது என்று சொல்ல நாவெழாது.

இவ்விடத்தில்தான் பெரிய வினா எழுகின்றது. விலங்கும் பறவையும் தாம் வாழும் இடத்தைச் சில அடையாளங்களைக் கொண்டே தேர்ந்துகொள்கின்றன. உயர்ந்த மரம், மிகுந்த இரை ஆகிய இவை தொன்றுதொட்டு வல்லூற்றுக்கு நல்லிடத்தின் அடையாளங்கள். மனிதன் புதிதாக ஆக்கிய இடத்தில் அவ்வடையாளங்கள் இருந்தும், அவை குறித்த நன்மை இல்லாதொழியின், பறவை தன் அறிவாலேயே ஏமாற்றப்படும். இதனைச் சூழலியலார் பொறி என்பர். இதனோடு சேர்த்து வேறொரு கருத்தையும் கொள்ளவேண்டும். ஓர் ஏரி எந்நாளும் நிறைந்து காணப்படலாம். ஆயின் அதன் கரையில் ஓட்டை இருந்து, மேலேரியின் கால்வாய் ஓயாது நீர் தருவதால் மட்டுமே அது நிறைந்திருத்தலும் கூடும். கால்வாயை அடைத்துவிட்டால் சில நாளில் வற்றிப்போம். அவ்வாறே நகரத்தில் வல்லூறுகள் பலவாகக் காணப்படுதல் மட்டும் அவை அங்கே செழித்துள்ளன என்பதற்குச் சான்றாகாது. நகரம் தன் பறவைகளைக் கொன்றுகொண்டேயிருக்க, காட்டிலிருந்து புதியவை வந்து காலியிடங்களை நிரப்பிக்கொண்டிருக்கலாம். பாதிப் பார்ப்புகள் இறக்கும் நகரத்தைக் கண்டபோது பலரும் இதனையே ஐயுற்றது இயல்பே.

ஐயத்தைத் தீர்ப்பதற்குக் கூட்டினை மட்டும் எண்ணினால் போதாது. பிறந்த பார்ப்பு கூட்டைவிட்டபின் என்னாயிற்று, முதல் மாரிக்காலத்தைக் கடந்ததா, எத்தனை ஆண்டு வாழ்ந்தது, எங்கே கூடு கட்டியது என்பனவெல்லாம் தெரியவேண்டும். ஆதலின் கால்களில் வண்ண வளையங்கள் இட்டும், சிலவற்றின்மேல் சிறிய வானொலிக் கருவி கட்டியும், தெருத்தெருவாகப் பின்தொடர்ந்தும் அவ்வறிஞர் ஆண்டுதோறும் கணக்கெடுத்தனர். 2008ஆம் ஆண்டில் வெளியான அவர்தம் முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு மாறானது. கூட்டில் இத்துணை இறப்பு இருந்தும் டூசான் ஓட்டை ஏரியன்று. கூட்டைவிட்டுப் பறந்த இளம்பறவைகள் நகரத்தில் நன்றாகப் பிழைத்தன. வளர்ந்தவையும் நெடிது வாழ்ந்தன. நகரம் இழந்ததை நகரமே ஈடு செய்தது. காட்டின் உதவியை எதிர்பார்த்து நில்லாத குடியாகவே அது இருந்தது.

பார்ப்பைக் கொல்லும் நுண்ணுயிர் வளர்ந்த வல்லூற்றை ஏன் கொல்லவில்லை என்று வினவலாம். அதுவும் அதே புறாவைத்தானே உண்ணுகின்றது? இதற்கு 2014இல் ஒரு விளக்கம் கிடைத்தது. கூட்டிலுள்ள பார்ப்பின் வாய்நீரில் புளிப்புத் தன்மை மிகக் குறைவு. கூட்டைவிட்ட இளம்பறவையிலும் வளர்ந்த பறவையிலும் அது பன்மடங்கு மிகுதி. இந்நுண்ணுயிர் புளிப்பு மிகுந்த நீரில் செழிப்பதில்லை. ஆகவே அந்த நான்கு வாரமே வல்லூற்றின் வாழ்நாளில் கண்டம். அதனைத் தாண்டிவிட்டால், தன்னைக் கொல்லவந்த புறாக்கூட்டமே தனக்கு வற்றாத உணவுக் களஞ்சியமாகிவிடுகின்றது.

இம்முடிவு அறிவுக்குப் பொருந்துவதே. பிறப்பில் எத்தனை இறந்தன என்னும் ஒற்றை எண்ணைக் கொண்டு ஓரினத்தின் எதிர்காலத்தைக் கூறுதல் பிழை என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறு யான் அறியேன். ஆயினும், அடைக்கலான் குருவி ஒன்று தரையில் விழுவதையும் அறிபவர் ஒருவர் உண்டென்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த எனக்கு, ஈடு செய்யப்பட்டது என்னும் சொல்லைப் படித்தபோது மனம் ஒருகணம் தயங்கியது. கணக்கு நூலும் இரக்கமும் ஒரே மொழியைப் பேசுவதில்லை போலும்.

வளர்ந்த வல்லூற்றுக்கு நகரத்தில் வேறு பகை இல்லாமலில்லை. அவற்றுள் தலையாயது கண்ணாடி. இரையைத் துரத்தி அம்பெனப் பாயும் பறவைக்குச் சாளரக் கண்ணாடியில் தோன்றும் மரமும் வானமும் மெய்யாகவே மரமும் வானமுமாகும். டூசானில் இறந்து கிடந்த வளர்ந்த வல்லூறுகள் பெரும்பாலும் இங்ஙனம் ஏதேனும் ஒன்றின்மேல் மோதி இறந்தவை. எனினும் இவ்வினம் நகரங்களிற் பரவுவது நிற்கவில்லை. சிகாகோ நகரத்தில், தம் தோட்டத்திற் பறவைகளுக்குத் தானியம் வைக்கும் மக்கள் மாரிக்காலந்தோறும் எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ந்தனர். 1990களின் நடுவில் நான்கில் ஒரு பங்கு இடங்களிலேயே கூப்பர் வல்லூறும் அதன் சிறிய உறவினமும் காணப்பட்டன. இருபதாண்டுகளுக்குப்பின் மூன்றில் இரண்டு பங்கு இடங்களில் அவை இருந்தன. மரங்கள் குறைந்த தெருக்களையும் அவை விட்டுவைக்கவில்லை. குருவி எங்கே மிகுதியோ அங்கே வல்லூறும் சென்றது.

இதன் அறிவுக்கூர்மை எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி கூறுவேன். நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் விளாடிமிர் டினெட்ஸ் என்னும் விலங்குநூலார் 2021–22ஆம் ஆண்டின் மாரிக்காலத்தில் கண்டது இது. நாற்சந்தி ஒன்றில் தெருவைக் கடக்க விரும்பும் மக்கள் ஒரு பொத்தானை அழுத்துவர். அழுத்தினால், கண்ணில்லாதவர் அறிவதற்காக ஓர் ஒலி எழும். வண்டிகளை நிறுத்தும் சிவப்பு விளக்கும் 30 வினாடிக்குப் பதிலாக 90 வினாடி நீடிக்கும். அப்பொழுது நிற்கும் வண்டிகளின் வரிசை, சற்றுத் தொலைவிலுள்ள அடர்ந்த சிறு மரம் ஒன்று வரை நீளும். சந்திக்கு அருகிலுள்ள ஒரு வீட்டார் மாலையில் முன்றிலில் அமர்ந்து உண்பர். மறுநாட் காலையில் அவர் சிந்திய பருக்கைகளைத் தின்னச் சிட்டுக்குருவியும் புறாவும் கூடும். இளமை மாறாத கூப்பர் வல்லூறு ஒன்று, அவ்வொலி கேட்டவுடன் எங்கிருந்தோ வந்து அச்சிறு மரத்தில் அமரும். வண்டி வரிசை மரம் வரை நீண்டபின், வண்டிகளின் மறைவில் தரையோடு தரையாகப் பறந்து சென்று, திடுமெனத் தெருவைக் குறுக்கே கடந்து குருவிக் கூட்டத்தின்மேல் பாயும். விளக்கு வழக்கம்போல் மாறும் வேளையில் அது வருவதில்லை. ஒலி எழுந்து, வரிசை நீளும் வேளையில் மட்டுமே வந்தது. ஒலிக்கும் வரிசைக்கும் உள்ள தொடர்பை அஃது உணர்ந்திருந்தது என்றே டினெட்ஸ் 2025இல் எழுதினார். அடுத்த மாரிக்காலத்திலும், முதிர்ந்த இறகுடைய வல்லூறு ஒன்று, பெரும்பாலும் அதே பறவை, அதே மரத்திலிருந்து அதே முறையில் வேட்டையாடியது. அதற்கடுத்த கோடையில் சந்தியின் ஒலிக்கருவி பழுதாயிற்று. முன்றிலில் உணவுண்ட குடும்பத்தாரும் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். அதன்பின் அவ்வல்லூறு அத்தெருவிற்கு வரவில்லை.